மாடத்தி படுத்திருக்கிறாள்

இடது பக்கமாகப் படு என்று சொல்லிவிட்டார்கள், மாடத்தி இடது பக்கமாகவே படுத்திருக்கிறாள். இடது காது தலையணைக்குள் புதைந்துவிட்டது, வலது காது மட்டும் தெருவுக்கு மிச்சம். அது போதும். இன்றைக்கு வரப்போகிற சத்தத்துக்கு ஒரு காதே அதிகம். உப்பளத்துப் பெண்கள் இருநூறு முந்நூறு பேர் ஒரே தொண்டையாகக் கத்திக்கொண்டு வரும்போது பக்கத்து ஊர்க்காரன்கூட எட்டிப் பார்ப்பான். ஊர்வலத்துக்குப் பாதை போட்டதே அவள்தான். அளத்து முக்கில் புறப்பட்டு, காலனிக்குள் நுழைந்து, அவள் வீட்டு ஜன்னலை உரசிக்கொண்டு போய்த் தூத்துக்குடி ரோட்டில் ஏறி, உப்பு முதலாளிகள் சங்கத்து வாசலில் முடிகிற பாதை. நேராக ரோட்டிலேயே போய்விடலாமே, காலனிக்குள் எதற்குச் சுற்ற வேண்டும் என்று சங்கத்துத் தோழர் பரமார்த்தலிங்கம் கேட்டார். இவளை வீட்டிலேயே படுத்திருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியதற்கு மறுநாள் அது, கமிட்டி அவள் கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தது. வீட்டில் இருக்கிற சனத்தையும் திரட்ட வேண்டாமா தோழர் என்று இவள் சொன்னாள். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. படுத்த இடத்திலேயே அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. பதினெட்டு வருஷமாக அவள் இல்லாமல் இந்த அளத்தில் ஒரு ஊர்வலம் போனதில்லை. முன்வரிசையில் நின்று முதல் அடியை அவள் எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் அடுத்த அடியைக் கத்துவார்கள். இன்றைக்கு அவள் இல்லாமல் போகிறது. போகட்டும். வயிற்றுக்குள் இருக்கிற ஆள் இன்னும் உள்ளே இருந்தாக வேண்டும். ஏழு மாதம் முடியவில்லை. காலையில் வந்த கிரேஸ் சிஸ்டர் இவள் கையில் ரத்தக் கொதிப்புப் பார்க்கிற பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு முகத்தை வைத்துக்கொண்ட விதம் சரியில்லை. "சாயங்காலம் ஒருக்கப் பாப்பேன் மாடத்தி. இதுக்கு மேல கூடியிருந்துன்னா பெரியாஸ்பத்திரிதான். அங்க அவிய வேணும்னா பிள்ளைய முன்னாடியே எடுத்துருவாவ. அதனால இன்னிக்கு ஒண்ணும் நெனைக்காம கெட." ஒன்றும் நினைக்காமல் கிட. அதைக் கொஞ்சம் செய்து காட்டுங்க சிஸ்டர் என்று கேட்டிருக்க வேண்டும்.

நினைக்காமல் கிடப்பதற்கு முதலில் கிடக்கத் தெரிய வேண்டும். அதுவே அவளுக்குப் புதிது. வீடு என்பது இருட்டில் விட்டுப் புறப்படுகிற இடம், வெயில் தாழ்ந்து வந்து விழுகிற இடம். நடுவில் இந்த வீட்டுக்குள் பகல் என்ன செய்கிறது என்று முப்பத்தேழு வயதில்தான் பார்க்கிறாள். காலையில் வெளிச்சம் அடுப்பு மேடையில் ஏறுகிறது, அப்புறம் குடத்தின் கழுத்தில் ஒரு வளையம் போட்டுவிட்டு இறங்குகிறது, மத்தியானம் சுவரில் தொங்குகிற புருஷன் சுயம்புவின் காக்கிச் சட்டையில் வந்து நிற்கிறது, சட்டைப் பை வழியாக ஒரு பல்லி தலையை நீட்டி அந்த வெளிச்சத்தைக் குடிக்கிறது. இதெல்லாம் தினமும் நடந்துகொண்டிருந்திருக்கிறது, யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பதினொரு மணி தாண்டினால் கடற்காற்று திரும்பி ஜன்னல் வழியாக வருகிறது; அளத்தில் அதே காற்று உப்புத் தூளை முகத்தில் அறையும், இங்கே வந்தால் பூனை மாதிரி காலடியில் சுருண்டுகொள்கிறது. சுகமாகத்தான் இருக்கிறது. சுகம் என்று ஒத்துக்கொள்ள முதல் வாரம் வெட்கமாக இருந்தது. சும்மா கிடந்து சோறு தின்பவனை அவள் எத்தனை ஊர்வலத்தில் எத்தனை கோஷத்தில் திட்டியிருக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவள், எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதே சங்கத்துத் துண்டுப் பிரசுரத்தில்தான். அதனால் இன்றைக்கும் அவளுக்கு யோசனை வந்தால் பிரசுரம் மாதிரியேதான் வரும்: ஆகவே தோழர்களே, படுத்திருப்பது சோம்பல் அல்ல, படுத்திருப்பது இன்றைய காலகட்டத்தின் கோரிக்கை. இப்படி ஒரு வரி மனசுக்குள் ஓடியதும் தானாகவே சிரித்துக்கொண்டாள். உள்ளே இருக்கிறவன், அல்லது உள்ளே இருக்கிறவள், அதுவும் ஒரு உள்ளிருப்புப் போராட்டம்தான். வெளியேற்றாதே, வெளியேற்றாதே, காலம் முடியும் முன்னே வெளியேற்றாதே. இதற்கு அடுத்த அடி என்ன? அடுத்த அடியை அந்த ஆள்தான் சொல்ல வேண்டும். சொல்லு. இவள் கையை வயிற்றில் வைத்துக் காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. தூங்குகிறதாக இருக்கும். மத்தியானத்திலிருந்தே தூங்குகிறது. மத்தியானக் கஞ்சி குடித்தபோது அசைந்ததா? அசைந்தது என்றுதான் நினைக்கிறாள். கஞ்சி. உப்புப் போடாத கஞ்சி. உப்பைக் குறைக்கச் சொன்னது ஆஸ்பத்திரி, அடியோடு நிறுத்தியது சுயம்பு. லாரியில் உப்பு மூட்டை ஏற்றி இறக்குகிற மனுஷன், அடுப்பு மேடையில் இருந்த உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்தான். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாளாம், ஊருக்கே உப்பு வாருற வீட்ல உப்புக்குத் தடையா என்று. தனக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம் இல்லையா, அதுவும் மாட்டான். "ஒனக்கு ஆதரவாப் போராட்டம்" என்று சொல்லி அதே கஞ்சியை மூக்கைச் சுருக்கிக்கொண்டு குடிக்கிறான். "சவம், தண்ணியில நனைச்ச பேப்பரு மாதிரி இருக்குட்டி." அவன் அப்படிச் சொல்லும்போது அவன் மீசையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் சாப்பிடுகிறதை உட்கார்ந்து பார்க்க நேரம் இருந்ததில்லை, இப்போது படுத்துப் பார்க்கிறாள். நல்ல முகம்தான். முன்னமே பார்த்திருக்கலாம்.

வெளிச்சம் சட்டையை விட்டு நகர்ந்து கதவு நிலைக்கு வந்துவிட்டது. நிலைக்கு வந்தால் ஊர்வலம் கிளம்புகிற நேரம். கண்ணை மூடினாள், மூடிய இமைக்குள் வெள்ளையாக ஒன்று மின்னியது. இதுதான். இதைத்தான் டாக்டரம்மா கேட்டாள், கண்ணுக்கு முன்னால மின்னுதா என்று. இவள் சொன்னாள், எனக்குப் பதினெட்டு வருஷமா மின்னுது டாக்டர். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது. சித்திரை வெயிலில் பாத்தி பாத்தியாக உப்பு விளைந்து கிடக்கும்போது தரையும் வானமும் ஒரே வெள்ளை, குனிந்து வாருகிறவள் நிமிர்ந்தால் உலகம் தெரியாது, வெறும் பொறி பறக்கும். கறுப்புக் கண்ணாடி கேட்டு எத்தனை மனு. கண்ணாடி போட்டுக்கிட்டு சினிமாவுக்கா போறீங்க என்று கணக்கப்பிள்ளை கேட்டான். அதனால் இந்த மின்னல் எந்த மின்னல் என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ரத்தக் கொதிப்பு மின்னலா, உப்பு மின்னலா. இந்தக் கால் வீக்கமும் அப்படித்தான். டாக்டரம்மா முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினாள், எடுத்ததும் அங்கே ஒரு குழி நின்றது, ஈரப் பாத்தியில் குதிகால் பதிந்த மாதிரி. உப்புத் தண்ணியில் நின்று நின்று வீங்காத கால் அளத்தில் எவளுக்கு இருக்கிறது. உடம்பு முழுக்க முதலாளி கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறான், நோயின் கையெழுத்து எது என்று தேடவேண்டியிருக்கிறது. இதை ஒரு பிரசுரத்தில் போடலாம். நல்ல வரி. பரமார்த்தலிங்கம் வெட்டிவிடுவார், உணர்ச்சிவசப்படாதீங்க தோழர் என்பார். உணர்ச்சி. முன்னால் ஒன்று தங்காமல் போனபோது யாரும் உணர்ச்சிவசப்படவில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம், நாலு மாதம், தலையில் உப்புச் சட்டி, ஒதுங்க ஒரு மறைவு கிடையாது என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஒரு நாள், உட்கார ஒரு நிழல் கிடையாது. மேட்டில் சட்டியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தவள், சேலை நனைந்திருப்பதைப் பார்த்தாள். வெள்ளை உப்பு அம்பாரத்தின் மேல் சிவப்பு. அதை மண்வெட்டியால் அள்ளித் தூரப் போட்டுவிட்டு மறுபடியும் வேலையைப் பார்க்கச் சொன்னார்கள் மற்றவர்களை. மிச்ச உப்பு எந்த ஊருக்குப் போனது, யார் சோற்றில். வேண்டாம். அங்கே போகாதே. அங்கே போனால் நெற்றியில் ஒரு நரம்பு எழுந்து உட்காரும், உட்கார்ந்தால் சிஸ்டரின் பட்டையில் ஏறும், ஏறினால் பெரியாஸ்பத்திரி. இதுதான் இந்த நோயின் அயோக்கியத்தனம். கோபத்தைத்தான் அவள் இத்தனை வருஷம் காய்ச்சிக் குடித்தாள், உப்பில்லாமல் இருக்கலாம், கோபம் இல்லாமல் எப்படி இருப்பது. கோபம் இல்லையென்றால் அவள் யார். இருந்தாலும் ஒன்றைக் கவனித்தாள். இந்த ஒரு மாதத்தில் அந்த நாள் வருகிறது, வந்து நிற்கிறது, முன்போல் நெஞ்சைப் பிடித்து உலுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறது. அதுவும் களைத்திருக்கும். அதுவும் கொஞ்சம் படுக்கட்டும்.

மரியசெல்விக்குத் தொண்டை பத்தாது. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், எங்கெங்கோ போய்விட்டாள். மரியசெல்வி அவளோடு ஒரே நாளில் அளத்துக்கு வந்தவள், ஒரே பாத்தியில் எதிரும் புதிருமாக நின்று வாரியவள், சண்டை போட்டால் ஒரு வாரம் பேசாதவள். இன்றைக்கு அவள்தான் முதல் அடி. அவள் குரல் மேலே போனால் கிழியும், பாதியில் இருமுவாள். கோஷம் போடுவது லேசா? வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும், கடைசி எழுத்தை இழுக்கக்கூடாது, வெட்ட வேண்டும், வெட்டினால்தான் மற்றவர்களுக்கு நுழைய இடம் கிடைக்கும். நிழல் கேட்டோம், வெட்டு. நிழல் எங்கே, என்று கூட்டம். தண்ணி கேட்டோம், வெட்டு. தண்ணி எங்கே. வெயிலை மட்டும் கொடுத்தவனே, இங்கே மூச்சை நிறுத்தி ஒரு கணம் எல்லாரையும் தொங்கவிட வேண்டும், அப்புறம் பதில் சொல்லு பதில் சொல்லு என்று அலை மாதிரி விழும். இவள் எழுதியதுதான் அது. யாருக்குத் தெரியும். மேடையில் ஏறிப் பேசியவர்கள் பேர் நோட்டீஸில் வரிசையாக இருக்கும், தலைமை, முன்னிலை, சிறப்புரை, நன்றியுரை. கோஷம் எழுப்பியவர் என்று எந்த நோட்டீஸிலும் ஒரு வரி கிடையாது. பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை மைக்கைக் கொடுத்தார்கள், கரண்டு போயிருந்தபோது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற ஆள் மாடத்திதான் என்று. அதற்குக் கைதட்டினார்கள். கசக்கிறதுதான். கசப்பு உப்பு மாதிரி இல்லை, அதைக் குறைக்கச் சொல்லி எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவள் இடது பக்கமாகப் படுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும் பரமார்த்தலிங்கம் சிரித்தார், "அது நம்ம பக்கந்தான தோழர், டாக்டரு நம்மாளு." அன்றைக்கு அவளும் சிரித்தாள். கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன். போலீஸ் வேனைப் பார்த்தால் ஊர்வலத்தின் நீளத்தைக் குறைத்துவிடுவார். இன்றைக்கு என்ன செய்வார். வேன் வந்திருக்குமா. போன் இருந்தால் கேட்கலாம். போனையும் சுயம்பு எடுத்து வைத்துக்கொண்டான், ஒவ்வொரு போனுக்கும் உனக்குப் பிரஷர் ஏறுது என்று. தடை, எல்லாவற்றுக்கும் தடை. நூற்று நாற்பத்து நாலு போட்ட வீடு இது.

வெளிச்சம் நிலையைத் தாண்டித் தரையில் இறங்கிவிட்டது. ஐஸ் கம்பெனிச் சங்கு ஊதி அடங்கியது. இந்நேரம் அளத்து முக்கு. இந்நேரம் பனைகளைத் தாண்டியிருப்பார்கள். இவள் மூச்சைச் சின்னதாக்கிக்கொண்டு வலது காதை முழுக்கத் தெருவில் விட்டாள். தெரு சும்மா இருந்தது. சும்மா என்றால் அப்படியொரு சும்மா. வழக்கமாக இந்த நேரத்தில் மீன்காரி சைக்கிள் மணி, குழாயடிப் பேச்சு, எதிர்வீட்டு டிவி, ஒன்றுமில்லை. எல்லாரும் ஊர்வலத்துக்குப் போயிருந்தால் வீடுகள் சும்மா இருக்கும், சரி. அப்படியானால் ஊர்வலம் எங்கே? முதல் அடி காலனி திரும்பும்போதே கேட்க வேண்டும். தொண்டை பத்தாவிட்டாலும் அத்தனை பேர் சொல்கிற அடுத்த அடி கேட்க வேண்டும். கேட்கவில்லை. அப்புறம் ஒன்று கேட்டது. முதலில் அது இருக்கிறதா என்றே தெரியவில்லை. சர், சர், சர் என்று, மிக மெல்லிசாக, காய்ந்த உப்பைப் பலகையால் வாருகிற மாதிரி, ஆனால் ஒரு பலகை இல்லை, எண்ணிக்கை இல்லாத பலகைகள், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே இரைச்சலாக. எங்கிருந்து. தலையணைக்குள் புதைந்த காதிலிருந்தா. ஆமாம், அங்கிருந்துதான், உள்ளே இருந்துதான் வருகிறது. ரத்தம். ரத்தம் இரைகிறது. காதில் இரைச்சல் வந்தால் சொல்லணும் என்று சிஸ்டர் சொன்னாளா, இல்லை தலைவலி கண் மின்னல் மேல்வயிற்று வலி என்று அவள் சொன்னதோடு இவளாகச் சேர்த்துக்கொண்டாளா, நினைவில்லை. சர், சர். கூடுகிறது. நெஞ்சு அடிக்கிற தாளமும் அதுவும் ஒன்றாக இல்லை, நெஞ்சு ஒன்று சொல்கிறது, அது நூறு சொல்கிறது. "இந்தாருங்க" என்று கூப்பிட்டாள். வாசலில்தான் இருப்பான், காலையிலிருந்து வாசலில்தான் காவல். பதில் இல்லை. "இந்தாருங்க, இங்க வாருங்க." இல்லை. கத்தினால் கேட்கும். கடைசி வரிசைக்குக் கேட்கிற தொண்டை அது, வயிற்றிலிருந்து எடுத்தால் போதும். வயிற்றில் வேறொருவர் இருக்கிறார். எழுந்து ஜன்னலுக்குப் போனால் நாலடி. கையை ஊன்றினாள். ஊன்றிய கை அப்படியே நின்றது. எழுந்திருப்பதுதான் அவளுடைய வாழ்க்கை முழுக்க. எவன் உட்கார் என்றானோ அவன் முன்னால் எழுந்தாள், எவன் நகர் என்றானோ அவன் முன்னால் நின்றாள். படு என்று சொல்லி அவள் கேட்டது வயிற்றில் இருக்கிற இந்த ஒரு ஆளின் பேச்சைத்தான். அந்த ஆள் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. இன்றைக்கு எழுந்து ஓடிப் பார்த்து, ஒன்றுமில்லாத தெருவைப் பார்த்து, தலை சுற்றி விழுந்தால். மறியலில் உட்கார்ந்தவள் தடியைப் பார்த்து எழுந்தால் வரிசையே கலையும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லுவாள். பயந்தாலும் உட்கார், பயந்துகொண்டே உட்கார். கையை எடுத்தாள். பயந்துகொண்டே படுத்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சர், சர், சர். பிறகு அது தேய்ந்தது. பிறகு இல்லை.

இல்லை என்றானதும் பயம் இருந்த இடத்தில் மற்றது வந்து உட்கார்ந்தது. ஊர்வலம் வரவில்லை. கலைத்துவிட்டார்கள். கலைக்கக்கூட வேண்டியிருக்காது, பரமார்த்தலிங்கம் வேனைப் பார்த்திருப்பார், பேச்சுவார்த்தை என்றிருப்பார், நாலு பேர் மட்டும் போவோம் என்றிருப்பார், எல்லாரும் சேலையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். மரியசெல்வி இருமியிருப்பாள். ஒரு ஆள் படுத்தால் ஒரு சங்கம் படுக்குமா? படுக்கும் போலிருக்கிறது. இதில் ஒரு துளி சந்தோஷமும் இருந்தது, நான் இல்லாமல் ஆகாது பார்த்தீர்களா என்று. அந்தத் துளியைக் கண்டதும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அப்படியொரு பெருமை யாருக்கு வேண்டும். நிழல் வராமல் போகட்டும், நான் பெரியவள் ஆகட்டும் என்கிற பெருமை. அதற்கும் கணக்கப்பிள்ளைக்கும் என்ன வித்தியாசம். வேண்டாம், அவர்கள் போயிருக்கட்டும். வேறு பாதையில், ரோட்டிலேயே போயிருக்கட்டும், நான் கேட்கவில்லை, அவ்வளவுதானே, முதலாளி கேட்டால் போதும். இப்படி நினைத்ததும் நெற்றியில் எழுந்த நரம்பு, ஏதோ கூட்டம் முடிந்த மாதிரி, எழுந்து போய்விட்டது. அப்புறம் நினைப்பு என்று எதுவும் ஒழுங்காக வரவில்லை. வெயில் தாழ்ந்த பாத்தி வந்தது. காற்று அடிக்காத நேரத்தில் தண்ணீர் கண்ணாடியாக நிற்கும், அதன் மேல் முதல் உப்பு பூக்கும், பூ என்றுதான் சொல்ல வேண்டும், விரல் நுனியால் தொட்டால் உடையும், தொடாமல் விட்டால் கெட்டியாகும். அது கெட்டியாக என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம். யாரும் கலக்காமல் இருக்க வேண்டும். அத்தனை வருஷம் உப்பு வாரியவளுக்கு உப்பு எப்படி விளைகிறது என்று இன்றைக்குத்தான் உறைத்தது. தண்ணீர் சும்மா கிடந்துதான் விளைகிறது. சும்மா கிடப்பதும் ஒரு வேலை. கடற்காற்று காலடியில் சுருண்டது. இடுப்புக்குக் கீழே எங்கேயோ ஒரு முட்டு, சோம்பலாக, திரும்பிப் படுக்கிற மாதிரி. இன்னொன்று. வாடா, வாட்டி, யாராயிருந்தாலும் வா. எங்கே போயிருந்தே இவ்வளவு நேரம், ஊர்வலத்துக்கா.

"மாடத்தி, தூங்குதியா?" கிரேஸ் சிஸ்டரின் குரல். வெளிச்சம் சிவந்து சுவரின் மேல் மூலைக்குப் போயிருந்தது. சிஸ்டருக்குப் பின்னால் மரியசெல்வி, அவளுக்குப் பின்னால் சுயம்பு. மரியசெல்வி சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், முழங்கால் வரைக்கும் புழுதி, கையில் செருப்பு இரண்டும். செருப்பை ஏன் கையில் வைத்திருக்கிறாள்? மாடத்தி வாயைத் திறந்தாள்.

"பேசக்கூடாது" என்றாள் சிஸ்டர். "பேசுனா கூடும். மொதல்ல கையக் குடு. ஏ மரியசெல்வி, நீயும் ஒண்ணும் பேசப்பிடாது, சொல்லிட்டேன். நல்ல சேதி கெட்ட சேதி எதுவானாலும் பெறகு."

மரியசெல்வி செருப்புப் பிடித்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். கண் இரண்டும் துடித்தன. நல்ல சேதியா, கெட்ட சேதியா, அந்தக் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. சண்டை போடுவதற்கு முன்னாலும் அப்படித்தான் துடிக்கும், சிரிப்பதற்கு முன்னாலும் அப்படித்தான் துடிக்கும். பட்டை கையை இறுக்கியது. சிஸ்டர் ரப்பர் உருண்டையை அழுத்த அழுத்த உள்ளே விரல்கள் கனத்தன. கேள், கேட்காதே. கேள், கேட்காதே. இதோ பார், என்னவாக இருந்தாலும் நடந்தாகிவிட்டது, மத்தியானத்திலேயே நடந்தாகிவிட்டது, இப்போது தெரிந்தாலும் அரை மணி கழித்துத் தெரிந்தாலும் நிழல் அதே நிழல். பூ கெட்டியாகட்டும். மாடத்தி மரியசெல்வியின் கண்ணை விட்டுவிட்டுச் சுயம்புவின் மீசையைப் பார்த்தாள். இந்த வேளை பருக்கை இல்லை. கையை இறுக்கியிருந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. சிஸ்டர் காதிலிருந்து குழாயை எடுக்கவில்லை, மறுபடியும் காற்றடித்தாள், மறுபடியும் கேட்டாள். அறையில் யாரும் மூச்சு விடவில்லை. வாசலிலும் யாரோ மூச்சு விடாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

"எறங்கியிருக்கு" என்றாள் சிஸ்டர். "காலையில இருந்ததுக்கு நல்லாவே எறங்கியிருக்கு. பெரியாஸ்பத்திரி இப்பம் வேண்டாம். மாத்திரைய விடாத, இப்படியே கெட. பிள்ள அசையுதா?"

"அசையுது சிஸ்டர். இப்பந்தான். ஆனா மத்தியானம் காதுக்குள்ள ஒரே இரைச்சல், சர் சர்னு. நான் பயந்து போயிட்டேன். இவியளக் கூப்புட்டேன், இவிய எங்கன போனாவளோ."

சுயம்பு தரையைப் பார்த்தான். மரியசெல்வி வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"இரைச்சலா? எந்நேரம்?" என்றாள்.

"சங்கு ஊதி கொஞ்ச நேரம் கழிச்சு. உப்பு வாருற மாதிரி."

"அடி சவத்த மூதி" என்றாள் மரியசெல்வி. "அது நாங்கட்டி!"

மாடத்தி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நாங்கதான் போனோம். ஒன் சன்னல் ஓரமாத்தான் போனோம், அத்தன பேரும். நேத்து சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு, மாடத்தி தெருவுல கோஷம் கெடையாது, சத்தம் கெடையாது, செருப்பக் கையில எடுத்துக்கிடணும்னு. ஒனக்குப் பிரஷரு ஏறிரப்பிடாதுல்லா. ஒரே ஒரு ஆள் எதிர்ப்பு."

"யாரு?"

"நாந்தான்" என்றாள் மரியசெல்வி. "அவ கோஷத்தக் கேக்காமக் கெடந்தாத்தாண்டா அவளுக்கு ஏறும்னு சொன்னேன். கேட்டாவளா? ஒன் புருசன் நடுத்தெருவுல நின்னு விரல வாயில வச்சு ஒவ்வொருத்தியையும் மெரட்டுதாரு. மீன்காரிய மணியடிக்காதன்னு தொரத்திட்டாரு. எதிர்வீட்டு டிவிய நிறுத்திட்டாரு. பரமார்த்தலிங்கம் தும்முனாரு, அவரையும் ஒரு மொற மொறச்சாரு பாரு!"

"நீங்களுமா?" என்று மாடத்தி சுயம்புவைப் பார்த்தாள்.

"தீர்மானமுல்லா" என்றான் அவன். "பெரும்பான்மைக்குக் கட்டுப்படணும்னு நீதான சொல்லுவ."

அவளுக்குக் கோபம் வந்தது. வந்தது, வாசல் வரைக்கும் வந்து, உள்ளே இருக்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு நின்றது. பதினெட்டு வருஷம் சத்தம் போடச் சொல்லிக் கொடுத்த கூட்டம். அவளுக்காக வாயை மூடிக்கொண்டு, உச்சி வெயில் ஏறிய தெருப் புழுதியில் செருப்பைக் கழற்றிக்கொண்டு, மடையர்கள், இவ்வளவு பெரிய மடையர்கள் உலகத்தில் வேறெங்கே கிடைப்பார்கள். சிரிப்பு வந்தது. சிஸ்டர் முறைத்தாள். சிரித்தால் ஏறுமா சிஸ்டர், ஏறினால் ஏறட்டும், இல்லை வேண்டாம், ஏற வேண்டாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, கட்டில் குலுங்கச் சிரித்தாள்.

"அங்கன என்ன ஆச்சு, மொதலாளி ஆபீஸ்ல?"

"அங்கன போயிக் கத்துனோம் பாரு" என்றாள் மரியசெல்வி. தொண்டை கட்டித்தான் இருந்தது, மாடத்தி இப்போதுதான் கவனித்தாள். "தெருவுல அடக்கி வச்சதெல்லாம் அங்கன போயி வெடிச்சு. வெயிலை மட்டும் கொடுத்தவனேன்னு நான் நிறுத்தினேன். நீ நிறுத்துவல்லா, அந்த மாதிரி. ஒரு ஆள் சத்தம் காட்டல. உள்ள இருந்தவம்லாம் எழும்பிட்டான். கொட்டகை போடுதோம், தண்ணித் தொட்டி வைக்கோம்னு எழுதிக் குடுத்துட்டான். கக்கூஸப் பத்திப் பேசலாம்ங்கான்."

"பேசலாம்ங்கானா. அவன் பேசுவான்." நெற்றி நரம்பு லேசாகத் தலையைத் தூக்கியது. படு, என்று அதற்குச் சொன்னாள். கொட்டகை. கொட்டகை என்றால் நிழல். மேட்டுக்குப் பக்கத்தில் நாலு கம்பம் நட்டு ஓலை போட்ட ஒரு நிழல். அந்த இடத்தில், அந்தச் சிவப்பு விழுந்த இடத்தில் நிற்குமா? எங்கே நின்றால் என்ன. அதன் கீழே ஒரு பிள்ளைத்தாய்ச்சி உட்காருவாள். யாரோ ஒருத்தி. "கக்கூஸ விட்ராத" என்றாள். "நாளைக்கே ஒரு மனு. நான் சொல்லுதேன், நீ எழுது."

"எழுதுவா, எழுதுவா" என்றாள் சிஸ்டர் பட்டையைச் சுருட்டிக்கொண்டே. "பிள்ள பெறந்த பெறவு."

வாசலில் யாரோ மெதுவாகக் கேட்டார்கள், என்னாச்சு, என்னாச்சு என்று. அப்படியானால் வாசலில் மூச்சு விடாமல் நின்றது உண்மைதான். மரியசெல்வி ஜன்னலுக்குப் போய்க் கையை வெளியே நீட்டி, கட்டை விரலைக் கீழே காட்டினாள், இறங்கிவிட்டது என்பதற்கு. அது தோல்விக்குக் காட்டுகிற விரல் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. படுத்தபடி பார்த்தால் ஜன்னல் கட்டைக்கு மேலே வானம் மட்டும்தான் தெரியும். அந்த வானத்துக்குள் ஒரு முஷ்டி எழுந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் வளையல் போட்டதும் போடாததுமாக ஒரு காடு, உப்பு வெடித்த விரல்கள், ஒரு சத்தம் இல்லாமல். மேடையில் நின்றவனுக்குக்கூட இப்படித் தெரிந்திருக்காது. அவளும் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, பட்டை இறுக்கிய தடம் இன்னும் மாறாத கையை, கொஞ்சம் உயர்த்தினாள். சுயம்பு கஞ்சியைச் சூடு பண்ணப் போனான். மரியசெல்வி வாசலில் போய் நின்று, தீர்மானம் இன்னும் அமலில் இருக்கு, செருப்பக் கழத்துங்க என்று கட்டிய தொண்டையில் சொன்னது கேட்டது. கூட்டம் கலைந்து அளத்துப் பக்கமாக நடக்கத் தொடங்கியது. சர், சர், சர். மாடத்தி இடது காதைத் தலையணைக்குள் நன்றாகப் புதைத்துக்கொண்டாள். உள்ளேயும் அதே இரைச்சல், வெளியேயும் அதே இரைச்சல். எது ரத்தம், எது கால்கள் என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. நிழல் கேட்டோம், என்றாள் உதட்டுக்குள், கடைசி எழுத்தை இழுக்காமல் வெட்டி, இடம் விட்டு. இடுப்புக்குக் கீழே ஒரு முட்டு.